சட்டைப் பையில் இருந்த அட்டை

திங்கள், ஆகஸ்ட் 4

காலையிலிருந்தே புழுக்கம். காஸ் சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டரில் கசிவு, வந்த ஆளே மாட்டிச் சரிபார்த்துவிட்டுப் போனான்.

இவர் சாயங்காலம்தான் வரவேண்டியது. மதியம் மூன்று மணிக்கே வாசலில். பை ஒரு கையில், தொப்பி ஒரு கையில். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன்னா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லை. சின்ன விஷயம். மோர் இருக்கா?"

இரண்டு டம்ளர் குடித்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். விமானம் கிளம்பி ஏறினதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கு நாலைந்து வழிகள் உண்டு. கிளம்புமுன் கம்ப்யூட்டரில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். இன்றைக்கு முதலில் இடப்பக்கம் திரும்பும் வழி கொடுத்தார்களாம். ஓடுபாதைக்குப் போகும் நேரத்தில் டவரில் மாற்றி வலப்பக்கம் என்றார்களாம். ஏறினதும் விமானம் இடப்பக்கமே திரும்பிவிட்டது. அந்தப் பக்கம் இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. டவரிலிருந்து கத்தினார்கள். உடனே திருப்பிவிட்டார்கள். உள்ளே நூற்று எண்பது பேர். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஊர் போய்ச் சேர்ந்ததும் இரண்டு பைலட்டுகளையும் இறக்கிவிட்டு, வேறு விமானத்தில் பயணிகளாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"யார் தப்பு?"

"அந்தப் பொண்ணுதான். கோ-பைலட், தேன்மொழி. புதுசை மாத்திப் போடலை. பழசே இருந்திருக்கு."

தேன்மொழியை ஒருமுறை பார்த்திருக்கிறேன், கம்பெனி விருந்தில். இருபத்தேழு வயசு. அப்பாவுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை என்றாள். என் தட்டில் அவளே பாயசம் கொண்டுவந்து வைத்தாள்.

விசாரணை முடியும்வரை இரண்டு பேருக்கும் டூட்டி இல்லை.

ஐந்து மணிக்கு, "பால் வந்தாச்சா?" ஐந்தரைக்கு, "பால் வந்தாச்சா?" ஆறு மணிக்கு ஒரு தடவை. மூன்று தடவையும் ஒரே குரலில் "வந்தாச்சு" என்றேன். பழகிவிட்டது.

செவ்வாய், ஆகஸ்ட் 5

யூனிஃபார்ம் சட்டை துவைக்கப் போடுமுன் பையைத் துழாவினேன். நான் எழுதிக் கொடுத்த அட்டை.

முன்பக்கம் என் கையெழுத்து. விடிகாலை கார் 3.50. ரிப்போர்ட்டிங் 4.40. கண்ணாடி, ஐடி, பிரஷர் மாத்திரை. நாலு ஃப்ளைட்டும் எந்தெந்த ஊர்.

பின்பக்கம் பென்சிலில் இவர் கையெழுத்து. 'லெஃப்ட்'. கீழே இரண்டு கோடு.

துணி சோப்புத் தண்ணீரில். நான் பாத்ரூம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். சித்திரையிலிருந்து:

ஸ்கூட்டரை லஸ் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே வீடு வந்தார். மறுநாள் ஸ்கூட்டர் திருட்டுப் போய்விட்டது என்று போலீஸ் ஸ்டேஷன் கிளம்பினார்.

என் தம்பி ஏன் போனே பண்ணுவதில்லை என்றார். தம்பி போய் இரண்டு வருஷம் ஆகிறது. தோள் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர்.

கேட்டதையே கேட்பது.

காபி பொடியை ஃபிரிட்ஜில், வெண்ணெயை அலமாரியில்.

கேட்டால் "வயசாச்சு" என்பார். அறுபத்திரண்டு. நானும் வயசு என்றே வைத்துக்கொண்டேன். ஆறு மாசத்துக்கு ஒருமுறை மெடிக்கல். கண், இதயம், சர்க்கரை எல்லாம் சரி. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

பறக்காமல் இவர் என்ன செய்வார் என்ற பயம் எனக்கு. அதனால் அட்டை எழுத ஆரம்பித்தேன். "தலையை நம்பாதீங்கோ. அட்டையைப் பாருங்கோ." நான் சொன்ன வார்த்தைதான்.

நேற்றும் அட்டையைத்தான் பார்த்திருக்கிறார். முதலில் கொடுத்த வழியை எழுதி வைத்திருக்கிறார். மாற்றினதை எழுதவில்லை.

அட்டை இப்போது இந்த நோட்டுக்குள்.

புதன், ஆகஸ்ட் 6

இவர் விசாரணைக்குப் போய் வந்தார். எழுதிக் கொடுத்துவிட்டாராம், கோ-பைலட் வழியை மாற்றவில்லை என்று. தெம்பாக இருந்தார். கத்தரிக்காய் பொரியல் கேட்டார்.

இவர் பொய் சொல்லவில்லை. முப்பத்துநாலு வருஷமாக எனக்கு இந்த முகம் தெரியும். பொய் சொன்னால் காது சிவக்கும். அப்படித்தான் நடந்தது என்று மனசாரச் சொல்கிறார்.

தெற்கு மாட வீதி காய்க் கடையில் யாரோ இருவர்:

"பேப்பர்ல பாத்தியா? பிளேன் தப்பா திரும்பிடுச்சாம். லேடி பைலட்டாம்."

"அதான பாத்தேன்."

கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அரைக் கிலோ.

வெள்ளி, ஆகஸ்ட் 8

ஆடி வெள்ளி. கபாலி கோயிலில் கூட்டம், உள்ளே போகவில்லை. குளத்தைச் சுற்றிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் வாசலில் தேன்மொழியும் அவள் அப்பாவும். அவர் கையில் சாத்துக்குடிப் பை. நகத்தில் போகாத கிரீஸ் கறை. உள்ளே வந்தும் சோபாவின் விளிம்பில்தான் உட்கார்ந்தார்.

இவர் அன்பாகத்தான் பேசினார். "பயப்படாதேம்மா. முதல் தப்பு. கொஞ்ச நாள் உக்கார வெப்பா, அப்புறம் சரியாயிடும்."

தேன்மொழி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"சார், நான் ரைட்டுதான் போட்டேன். நீங்களும் பாத்து ஓகே சொன்னீங்க. ஏறினப்புறம் நீங்க பாக்கெட்லேர்ந்து ஒரு அட்டை எடுத்துப் பாத்தீங்க. 'இது தப்பு, லெஃப்ட்டு'ன்னு சொல்லி நீங்களே மாத்துனீங்க. நான் 'ரைட்டு சார்'னு ரெண்டு தடவ சொன்னேன்."

"அட்டையா? என்ன அட்டை?"

என்னைப் பார்த்தார். உதவிக்குப் பார்ப்பது போல. எந்தப் பெயர் மறந்தாலும் என்னைத்தான் பார்ப்பார். நான் எடுத்துக் கொடுப்பேன். இன்றைக்கு நான் டீபாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பேசினது எல்லாம் பதிவாகியிருக்குமே," என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"அழிஞ்சு போச்சும்மா. அதே பிளேன் அன்னிக்கே திரும்ப போயிடுச்சு. பழைய பேச்சு மேல புதுசு ஏறிடும். கடைசில லெஃப்ட்டு இருந்தது மட்டும் பதிவுல தெரியும். யாரு போட்டதுன்னு தெரியாது."

அவள் அப்பா என்னிடம் திரும்பினார். "எம் பொண்ணு பொய் சொல்லாதும்மா. சின்னதுலேர்ந்தே அப்டிதான். எதுனா உடைச்சிட்டா, 'நான்தான் நைனா'ன்னு வந்து நிக்கும். இப்போ நான் பண்லன்னு சொல்லுது. நான் இன்னா பண்றது சொல்லுங்க? பட்டறைக்கு வர்றவன்லாம் கேக்குறான், உன் பொண்ணா அதுன்னு."

காபி கொடுத்தேன். அதைத்தான் செய்ய முடிந்தது.

லிஃப்ட்டுக்கு வழியனுப்பப் போனேன். அப்பா முன்னால் போய்விட்டார். தேன்மொழி நின்று மெதுவாகச் சொன்னாள்: "சார் மேல கோவம் இல்லம்மா. டவர்ல கூப்ட்டப்போ அவரு எங்க இருக்கோம்னே தெரியாத மாதிரி பாத்தாரு. நான்தான் திருப்புனேன். அத நான் எழுதிக் குடுக்கல. எப்டி எழுதுறது, சாரைப் போய்?"

லிஃப்ட் கதவு மூடியது.

இருபத்தேழு வயசுப் பெண் இவர் மானத்தைக் காப்பாற்றுகிறாள். நான் நோட்டுக்குள் அட்டையை ஒளித்து வைத்திருக்கிறேன்.

சாத்துக்குடி பத்து. தொடவில்லை.

சனி, ஆகஸ்ட் 9

ஆவணி அவிட்டம். மண்டபத்தில் பூணூல் மாற்றிக்கொள்ளப் போனார். பக்கத்து ஃப்ளாட் மாமா சொன்னார், "சுந்தரம் ஒரு மந்திரம் விடலை. வாத்தியாருக்கே எடுத்துக் கொடுத்தார்." இதை ஒன்பது மணிக்குச் சொன்னார். இவர் பத்தாகியும் வரவில்லை. பத்தரை. நடந்தால் எட்டு நிமிஷம்.

பதினொன்றுக்கு ஆட்டோ சத்தம். உள்ளே இவர், வேஷ்டியும் புதுப் பூணூலுமாக. மடியில் தர்ப்பை, பித்தளைச் சொம்பு.

ஆட்டோக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெரியவரு மந்தவெளி பஸ் டிப்போவாண்ட நின்னுகினு இருந்தாரும்மா. ரொம்ப நேரமா. எங்க போணும்னு கேட்டா, ரன்வே எந்தாண்டன்றாரு. சொம்புல பேர் வெட்டி கீது, ஃப்ளாட் பேரும் கீது. அத்த வெச்சு வந்தேன். தனியா அனுப்பாதம்மா."

காசு வேண்டாம் என்று போய்விட்டார்.

இவர் உள்ளே ஊஞ்சலில். "வெயில் ஜாஸ்தி. ஆட்டோல வந்துட்டேன்," என்றார். காது சிவந்திருந்தது.

தெரிகிறது இவருக்கு. கொஞ்சமாவது தெரிகிறது.

ஞாயிறு, ஆகஸ்ட் 10

காலை டிபன், அரிசி உப்புமா. டிவியை அணைத்தேன். அட்டையை அவர் முன் வைத்தேன். நேற்று முழுக்கச் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "பின்னாடி திருப்பிப் பாருங்கோ," என்றேன்.

பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என் கையெழுத்து இல்லை."

அட்டையை இன்னும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

விரலை அந்தக் கோட்டின்மேல் வைத்து இப்படியும் அப்படியும் தடவினார். உப்புமா ஆறியது. கீழே யாரோ காரை ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.

"எத்தனை பேர் இருந்தா உள்ளே?"

"நூத்து எண்பதுன்னு நீங்கதான் சொன்னேள்."

"அந்தப் பொண்ணு ரெண்டு தடவை சொன்னேன்னாளே."

"ஆமா."

"நீ எப்போலேர்ந்து கவனிச்சிண்டிருக்கே?"

"சித்திரைலேர்ந்து."

மனசுக்குள் கணக்குப் போட்டார். உதடு அசைந்தது.

"நாலு மாசம். நாலு மாசமா தெரிஞ்சுண்டேவா என்னை அனுப்பிச்சே?"

"நீங்க பறக்காம இருக்க மாட்டேளேன்னு..."

"குழந்தைகள் இருக்கும் லலிதா, ஒவ்வொரு ஃப்ளைட்லயும். கைக்குழந்தை இருக்கும். பின்னாடி அழற சத்தம் கேக்கும், கதவு சாத்தறவரைக்கும்."

குரலே உயரவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கள், ஆகஸ்ட் 11

நான் எழுந்தபோது இவர் ஷேவ் செய்து, குளித்து, யூனிஃபார்மில். தோள்பட்டையில் நாலு கோடு. மறந்துவிட்டாரோ?

"கிளம்பு. நீயும் வரணும்."

மறக்கவில்லை.

டாக்ஸி. அடையாறு, கிண்டி. ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். கண்ணாடி ஏற்றியிருந்தும் மெட்ரோ வேலைப் புழுதி.

விசாரணை அதிகாரி சின்ன வயசு. இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இவர் உட்காரவில்லை. அட்டையை மேஜைமேல் வைத்தார்.

"அந்தப் பொண்ணு ரெண்டு தடவை சொன்னேன்னு சொல்றா. எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாதவன் நான். அதனால அவ சொல்றதுதான் சரி. எழுதிக்கோங்கோ."

அதிகாரி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "எவ்வளவு நாளா, மேடம்?"

"நாலு மாசம்."

எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். டாக்ஸியில் சின்னமலை தாண்டியதும் ஒரே ஒரு வாக்கியம்:

"அன்னிக்கே சொல்லியிருந்தா, நானே போய் மரியாதையா விலகியிருப்பேன்."

வீட்டில் நான் அழுதேன். கேட்டிருக்கும். பக்கத்து அறைக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

செவ்வாய், ஆகஸ்ட் 19

அடையாறில் நரம்பு டாக்டர். ஸ்கேன் நேற்றே ஆனது. இன்று டாக்டரே உட்கார்ந்து கேள்வி கேட்டார். பெண் டாக்டர், அமைதியானவர்.

கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தார். எண்கள் எல்லாம் ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டு. பார்த்துவிட்டு இவரே, "சரியா வரலை," என்றார்.

ஐந்து வார்த்தை: மாம்பழம், சாவி, குடை, ரயில், மஞ்சள். திருப்பிச் சொன்னார், ஐந்தும். வேறு ஏதேதோ பேசிவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டார்.

"மாம்பழம். சாவி."

நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார்.

எனக்கு மூன்றும் நாக்கு நுனியில். தரையைப் பார்த்தேன். இந்தத் தடவையும் எடுத்துக் கொடுக்கவில்லை, மறைப்பதற்காக இல்லை.

இனி பறக்க முடியாது. மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், குணமாக்காது. தனியாக வெளியே அனுப்ப வேண்டாம். சில நாள் தெளிவாக இருப்பார், சில நாள் இருக்க மாட்டார்.

இவர் டாக்டருக்குக் கை கொடுத்து நன்றி சொன்னார். என்னைத் தாண்டி நடந்து போய் வாசலில் நின்றார். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. நான் போய்ச் சேரும்வரை அப்படியே நின்றார்.

வியாழன், ஆகஸ்ட் 28

சாயங்காலம் மழை, அரை மணி. மாடித் துணி எல்லாம் நனைந்தது.

தேன்மொழி போன். அவள்மேல் தப்பு இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. அடுத்த வாரம் டூட்டி. பின்னால் லேத் ஓடும் சத்தம், அப்பா ஏதோ கத்திச் சிரிக்கும் சத்தம். அதைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும்.

"சார்கிட்ட குடுங்கம்மா."

கொடுத்தேன். இவர் எழுந்து நின்று பேசினார். "ரொம்ப சந்தோஷம்மா. கரெக்டா சொன்னே அன்னிக்கு. இன்னும் சத்தமா சொல்லு. எந்த கேப்டனா இருந்தாலும்."

போனை என்னிடம் நீட்டினார். என் கைமேல் படாமல் நீட்டினார்.

இரண்டு வாரமாக இப்படித்தான். சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார். "போதும்." "வேண்டாம்." "மாத்திரை போட்டுண்டுட்டேன்." அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை நாள்.

பிள்ளை ஒன்று இருந்திருந்தால் போன் போட்டு அழுதிருப்பேன். இந்த நோட்டுதான்.

செவ்வாய், செப்டம்பர் 9

இன்று காலை விசித்திரம். அடுக்களைக்கு வந்து, பின்னால் நின்று, என் தோளில் முகவாயை வைத்தார்.

"லல்லி, இன்னிக்கு டூட்டி கிடையாதே. லஸ்ஸுக்குப் போய் நெய் ரோஸ்ட் சாப்பிடலாமா?"

ஒன்றும் ஞாபகமில்லை. அட்டை இல்லை, விசாரணை இல்லை, நான் செய்தது இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். மறைத்து மறைத்துத்தானே இவ்வளவும். ஆனாலும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். என் கையைப் பிடித்துக்கொண்டே ரோடு கிராஸ் செய்தார். ரோஸ்ட்டின் மொறுமொறு ஓரத்தைக் கிள்ளி என் தட்டில் வைத்தார், கல்யாணமான புதிதில் வைப்பாரே அப்படி. "என்னடி, கண்ணெல்லாம் கலங்கறது? சாம்பார் காரமா?"

"ஆமா, காரம்."

சாயங்காலம் நாலரை மணிக்கு ஞாபகம் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அலமாரியில் யூனிஃபார்ம் இல்லாததைப் பார்த்திருக்கிறார். கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தது அவரேதான். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காபி கொண்டுபோனேன்.

"வெச்சுட்டுப் போ."

ஞாயிறு, செப்டம்பர் 14

மேகமூட்டம். புளி வாங்க வேண்டும். மிக்ஸி பிளேடு மழுங்கல். கரண்ட் பில் ஆன்லைனில் கட்ட பக்கத்து ஃப்ளாட் மாமாவைக் கேட்க வேண்டும்.

இந்த வாரம் நாலு நாள் ஞாபகம், மூன்று நாள் இல்லை. ஞாபகம் இருக்கும் நாளில் இவர் நல்லபடியாக இருக்கிறார். பேப்பர் படிக்கிறார், மாத்திரையைத் தானே எடுக்கிறார், என்னிடம் பேசுவதில்லை. மறந்த நாளில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறார், பாத்ரூமை எங்கே என்று கேட்கிறார், என்னை லல்லி என்கிறார்.

நேற்று கோயிலில் கையைக் கூப்பிவிட்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. தீர்த்தம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காலையில் கண் விழித்ததும் எழுந்திருப்பதில்லை. படுத்தபடி பக்கத்து அறையைக் கேட்கிறேன். செருப்புச் சத்தம். குழாய். எந்த நாள் என்று.

இப்போது காலை மணி ஆறு பத்து. கதவு திறக்கும் சத்தம். நடை. என் அறைக் கதவு வரை வந்து நிற்கிறார்.

"லல்லி."

போகிறேன்.